டி.எக்ஸ்., ஸ்டார், சாம்பியன்: டிஸ்க் கோல்ஃப் தட்டில் எழுதியிருப்பதை எப்படிப் படிப்பது?

மிச்சிகனுக்கு வேலைக்கு வந்த இடத்தில் ஆபீஸ் நண்பர்கள் தட்டை எறிந்து சங்கிலி தொங்கும் கூடையில் போடும் டிஸ்க் கோல்ஃப் ஆட இழுத்துப் போனார்கள், ஆட்டம் பிடித்துவிட்டது, சொந்தமாக டிஸ்க் வாங்கலாம் என்று கடைக்குப் போனால் தலை சுற்றுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். 'லெபர்ட்' என்ற ஒரே பெயரில் மூன்று டிஸ்க். ஒன்றில் டி.எக்ஸ்., இன்னொன்றில் ஸ்டார், மூன்றாவதில் சாம்பியன். விலையில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வித்தியாசம். மூன்றிலும் 6, 5, -2, 1 என்று அதே எண்கள். அடியில் பேனாவால் 167 என்று கிறுக்கல், விளிம்பின் உட்பக்கம் மேடாக ஏதோ எழுத்து. இதில் எது எதைக் குறிக்கிறது, முதலில் எதை வாங்குவது என்பதுதான் உங்கள் கேள்வி.

லெபர்ட் என்பது இன்னோவா கம்பெனியின் ஒரு மோல்டின் பெயர், அதாவது டிஸ்க்கின் வடிவம். டி.எக்ஸ்., ஸ்டார், சாம்பியன் மூன்றும் அந்த வடிவத்தில் ஊற்றிய பிளாஸ்டிக்கின் பெயர்கள். டிஸ்க் எப்படிப் பறக்கும் என்பதைப் பெரும்பாலும் மோல்டு முடிவு செய்கிறது. கையில் எப்படிப் பிடிபடும், எத்தனை காலம் அப்படியே பறக்கும் என்பதைப் பிளாஸ்டிக் முடிவு செய்கிறது. இந்த ஒரு வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் கடையில் பார்க்கும் முக்கால்வாசி எழுத்துகள் தானாகப் புரிந்துவிடும்.

பெயர்கள்தான் முதல் தொல்லை. ஒவ்வொரு கம்பெனியும் தன் பிளாஸ்டிக்குக்குத் தனிப் பெயர் வைத்திருக்கிறது. பார்த்தால் ஐம்பது வகை போலத் தெரியும், ஆனால் ஆடுகிறவர்கள் மனதில் இருப்பது மூன்று குடும்பம்தான்.

முதல் குடும்பம் பேஸ் பிளாஸ்டிக். விலை குறைவு, கைக்கு நல்ல பிடிமானம், சீக்கிரம் அடிபடும். இன்னோவாவில் இதன் பெயர் டி.எக்ஸ்., டிஸ்கிராஃப்டில் புரோ-டி, லாட்டிட்யூட் 64-இல் ரெட்ரோ, டைனமிக் டிஸ்க்ஸில் பிரைம், கஸ்டாபிளாஸ்டில் கே3. இரண்டாவது, கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும் பிரீமியம். மரத்தில் எத்தனை முறை மோதினாலும் லேசில் அசையாது, ஆனால் கொஞ்சம் வழவழப்பு. இன்னோவாவின் சாம்பியன், டிஸ்கிராஃப்டின் இசட், லாட்டிட்யூட் 64-இன் ஆப்டோ, டைனமிக் டிஸ்க்ஸின் லூசிட், எம்.வி.பி.யின் புரோட்டான் எல்லாம் இந்த வகை. மூன்றாவது, அதே அளவு நீடிக்கும், ஆனால் தொட்டால் கொஞ்சம் மென்மையாக, பிடிக்க இதமாக இருக்கும் பிரீமியம். ஸ்டார், இ.எஸ்.பி., கோல்டு, ஃப்யூஷன், நியூட்ரான், கே1 இதில் வரும். இந்த இரண்டு பிரீமியத்திலும் பெரும்பாலும் பாலியூரித்தேன் வகைப் பிளாஸ்டிக்தான். செருப்பின் அடிப்பாகத்துக்கும் போன் கவருக்கும் பயன்படும் அதே இனம், அதனால்தான் வளைந்து கொடுக்கும், உடையாது.

சில பெயர்கள் உண்மையிலேயே ஒரே சரக்குக்கு வைத்த வெவ்வேறு பெயர்கள். சுவீடனின் ஷெலஃப்டியோ நகரில் இருக்கும் லாட்டிட்யூட் 64 தொழிற்சாலை, அமெரிக்காவில் கான்சஸ் மாநிலத்து எம்போரியாவில் இருக்கும் டைனமிக் டிஸ்க்ஸுக்கும், பின்லாந்தில் தொடங்கிய வெஸ்ட்சைடுக்கும் நெடுங்காலமாக டிஸ்க் வார்த்துக் கொடுத்திருக்கிறது. ஆகவே ஆப்டோ, லூசிட், வெஸ்ட்சைடின் வி.ஐ.பி. மூன்றும் நடைமுறையில் ஒன்றுதான். அதே மாதிரி டிஸ்க்மேனியாவுக்குப் பல ஆண்டுகள் இன்னோவா வார்த்துக் கொடுத்தது. அந்தக் காலத்து எஸ்-லைன் என்றால் ஸ்டார், சி-லைன் என்றால் சாம்பியன், டி-லைன் என்றால் டி.எக்ஸ். என்று எடுத்துக்கொள்ளலாம்.

இன்னோவாவிலேயே கே.சி. புரோ, ஜே.கே. புரோ என்று எழுதியதைப் பார்த்துக் குழம்புவீர்கள். அவை வேதியியல் குறியீடுகள் அல்ல. கே.சி. என்பது 12 முறை உலகப் பட்டம் வென்ற கென் கிளைமோ, ஜே.கே. என்பது ஜூலியானா கோர்வர். அவர்கள் விரும்பி எறிந்த பிளாஸ்டிக் கலவைகளுக்கு அவர்கள் பெயரின் முதலெழுத்துகளையே வைத்துவிட்டார்கள். இரண்டும் பேஸுக்கும் பிரீமியத்துக்கும் நடுவில் நிற்கும் வகை, பட்டர்களில் அதிகம் பார்ப்பீர்கள். பட்டர் என்றால் கூடைக்குக் கிட்டே வந்ததும் எறிகிற மெதுவான டிஸ்க்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். மூன்று லெபர்டிலும் ஒரே எண்கள் அச்சடித்திருக்கின்றன என்றீர்கள். ஆனால் மூன்றும் ஒரே மாதிரி பறக்காது. பிளாஸ்டிக் மணிகளை உருக்கி இரும்பு மோல்டுக்குள் அழுத்திச் செலுத்தி, குளிர வைத்து எடுக்கிறார்கள். குளிரும்போது ஒவ்வொரு பிளாஸ்டிக்கும் ஒவ்வொரு அளவில் சுருங்கும். அதனால் ஒரே மோல்டில் வந்த டிஸ்க்குகளிலும் ஒன்றின் நடுப்பகுதி கொஞ்சம் குவிந்திருக்கும், இன்னொன்று தட்டையாக இருக்கும், விளிம்பின் வெளி முனையான மூக்கு ஒன்றில் சற்று உயர்ந்தும் ஒன்றில் சற்றுத் தாழ்ந்தும் இருக்கும். முடியளவு வித்தியாசம்தான், ஆனால் காற்றில் அது தெரியும். பொதுவாகச் சாம்பியன் லெபர்ட், டி.எக்ஸ். லெபர்டைவிட ஓவர்ஸ்டேபிள். அதாவது வலது கையால் பேக்ஹேண்ட் எறிகிறவருக்குச் சீக்கிரம் இடப்பக்கம் சரிந்து விழும். புதிதாக எறிகிறவர் கையில் வேகம் குறைவு என்பதால் இந்தச் சரிவு இன்னும் முன்னாலேயே வந்துவிடும். விலை கூடியதை வாங்கினேன், ஆனால் நண்பனின் பழைய மலிவு டிஸ்க்தான் நேராகப் போகிறது என்று புதியவர்கள் திகைப்பதற்குக் காரணம் இதுதான்.

பழைய டிஸ்க் என்றதும் தேய்மானத்தைச் சொல்ல வேண்டும். என் பையில் ஒரு டி.எக்ஸ். லெபர்ட் இருக்கிறது. அதன் விளிம்பில் கட்டைவிரலை ஓட்டினால் ரம்பப்பல் மாதிரி பிசிறுகள் தட்டுப்படும். ஓக் மரப்பட்டை கீறிய இடங்கள் அவை. மூக்கு மழுங்கி, மேல்பக்கம் சொரசொரவென்று ஆகி, முத்திரை பாதிக்குமேல் அழிந்துவிட்டது. புதிதில் கடைசியில் இடப்பக்கம் திரும்பியது, இப்போது லேசாக எறிந்தாலும் வலப்பக்கம் நகர்ந்து அப்படியே மிதந்து போகிறது. கிரிக்கெட்டில் புதுப்பந்தும் பழைய பந்தும் வேறு வேறு மாதிரி வளைவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. அடிபட அடிபட டிஸ்க் அண்டர்ஸ்டேபிள் ஆகிறது, அதாவது வலப்பக்கம் நகரும் குணம் கூடுகிறது. பேஸ் பிளாஸ்டிக்கில் இது வேகமாக நடக்கும், மிச்சிகன் மாதிரி மரம் நெருங்கிய மைதானங்களில் ஒரே சீசனில்கூடத் தெரியும். சாம்பியனில் ஆண்டுக்கணக்கு ஆகும்.

இதைக் குறையாக மட்டும் பார்க்காதீர்கள். 2000-ஐ ஒட்டிச் சாம்பியன் வகைப் பிளாஸ்டிக் வருவதற்கு முன்பு எல்லோர் பையிலும் சீக்கிரம் தேயும் பிளாஸ்டிக்தான். அன்றைய ஆட்டக்காரர்கள் ஒரே மோல்டில் பல டிஸ்க் வைத்திருந்தார்கள். இன்னோவாவின் ராக் என்ற மிட்ரேஞ்சை, அதாவது மெதுவான பட்டருக்கும் தொலைவுக்கு எறிகிற டிரைவருக்கும் நடுவிலான டிஸ்க்கை, புதிது ஒன்று, பாதி தேய்ந்தது ஒன்று, நன்றாகத் தேய்ந்தது ஒன்று என்று வைத்து, இடப்பக்க வளைவுக்குப் புதியதையும், நேராகப் போக நடுவாந்தரத்தையும், வலப்பக்க வளைவுக்குப் பழையதையும் எடுப்பார்கள். இன்றும் இப்படி ஆடுகிறவர்கள் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த முறை இது. ஒரே வடிவம் கையில் பழகிப்போகிறது, எறிகிற விதத்தை மாற்றத் தேவையில்லை.

விளிம்பில் பிசிறு நீட்டிக்கொண்டு விரலைக் கீறினால் மணல்தாள் கொண்டு தேய்த்துச் சமப்படுத்தலாம், போட்டி விதிகளே அதை அனுமதிக்கின்றன. வடிவத்தையே மாற்றும் அளவுக்குத் தேய்க்கத்தான் கூடாது. விரிசல் விட்ட டிஸ்க்கைப் போட்டியில் எறியக் கூடாது.

அந்த நான்கு எண்கள் இன்னோவா தொடங்கி வைத்த முறை, இன்று ஏறத்தாழ எல்லோரும் பின்பற்றுகிறார்கள். வரிசையாக ஸ்பீடு, கிளைடு, டர்ன், ஃபேடு. ஸ்பீடு 6 என்றால் டிஸ்க் அத்தனை வேகமாகப் பறக்கும் என்று அர்த்தமில்லை, அது ஒழுங்காகப் பறக்க நீங்கள் அத்தனை வேகத்தில் எறிய வேண்டும் என்று அர்த்தம். எண் கூடக் கூட விளிம்பு அகலமாகும். கிளைடு, காற்றில் மிதக்கும் தன்மை. டர்ன், வேகம் இருக்கும்போது வலப்பக்கம் நகரும் அளவு, எதிர்மறை எண் பெரிதாக ஆக வலப்பக்கம் அதிகம் போகும். ஃபேடு, வேகம் குறைந்து விழும்போது இடப்பக்கம் சரியும் அளவு. வலக்கை பேக்ஹேண்டை வைத்துச் சொல்கிறேன், இடக்கையாளர்களும் ஃபோர்ஹேண்ட் எறிகிறவர்களும் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள். லெபர்டின் 6, 5, -2, 1 புதியவருக்கு அருமையான எண்கள். இன்னோவா டிஸ்ட்ராயரில் 12, 5, -1, 3 என்று பார்ப்பீர்கள், தொலைவு எறிகிற பெரிய வீரர்கள் பையில் அது இருக்கும். உங்களுக்கு இப்போது அது வேண்டாம். அந்த 12-க்கு வேண்டிய வேகம் கையில் வரும்வரை எறிந்த கொஞ்ச தூரத்திலேயே இடப்பக்கம் குத்திக்கொண்டு விழும். ஒரு கம்பெனியின் எண்ணை இன்னொரு கம்பெனியின் எண்ணோடு அப்படியே ஒப்பிடவும் கூடாது, ஒவ்வொருவரும் தங்கள் கணிப்பில்தான் எண் கொடுக்கிறார்கள்.

பேனாவால் எழுதிய 167, கிராமில் எடை. சில கம்பெனிகள் கையால் எழுதும், டிஸ்கிராஃப்ட் மாதிரி சிலர் 170-172, 173-174 என்று இடைவெளியாக ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். மிட்ரேஞ்ச் 180 கிராம்வரை கிடைக்கிறதே, டிரைவர் ஏன் 175-ஓடு நிற்கிறது என்று பலர் கேட்பார்கள். விதிகளை வகுக்கும் அமைப்பான பி.டி.ஜி.ஏ., டிஸ்க்கின் குறுக்களவில் ஒரு செ.மீ.க்கு அதிகபட்சம் 8.3 கிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது, எப்படிப் பார்த்தாலும் 200 கிராமைத் தாண்டக் கூடாது. டிரைவர்கள் பெரும்பாலும் 21 செ.மீ.யை ஒட்டியவை, 21.2-ஐ 8.3-ஆல் பெருக்கினால் 176 கிராமுக்குச் சற்றுக் கீழே வரும். டிஸ்கிராஃப்டின் பஸ் மாதிரி மிட்ரேஞ்ச் 21.7 செ.மீ. அகலம், அதனால் 180-க்கு இடம் இருக்கிறது.

உங்கள் கையில் வந்த 167 நல்ல எடை. டிரைவரில் புதியவருக்கு 160-லிருந்து 170-க்குள் இருந்தால் சுழற்றி வீச எளிது, குறைந்த வேகத்திலேயே டர்ன் வெளிப்படும். காற்று பலமாக அடிக்கும் நாளில் மட்டும் எடை கூடியது நிலையாக நிற்கும். பட்டரில் 170-க்கு மேல் வாங்குங்கள், கூடையின் சங்கிலியில் பட்டுத் தங்க எடை உதவும். 150-க்கும் கீழே எடை பார்த்தால் குறையோ என்று நினைக்க வேண்டாம். பிளிசார்டு சாம்பியன், ஆப்டோ ஏர் போன்றவற்றில் வேண்டுமென்றே நுண்ணிய காற்றுக் குமிழிகளைக் கலந்து எடையைக் குறைத்திருப்பார்கள், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் குமிழிகள் தெரியும்.

டிஸ்க்கைக் கவிழ்த்தால் மேடாகத் தெரிகிற எழுத்து மோல்டிலேயே வெட்டப்பட்டது. கம்பெனி பெயர், மோல்டு பெயர், பி.டி.ஜி.ஏ. அங்கீகாரம், சிலவற்றில் காப்புரிமை எண், ஊர்ப் பெயர் எல்லாம் அங்கே இருக்கும். மேலே பளபளவென்று இருக்கும் முத்திரை சூடான தகட்டால் ஒட்டியது, அது அழியும். அடியில் இருப்பது அழியாது. ஆகவே முத்திரை அழிந்த பழைய டிஸ்க்கை அடையாளம் காண அடிப்பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் அங்கே பிளாஸ்டிக் வகை பெரும்பாலும் இருக்காது, ஏனென்றால் ஒரே மோல்டில் எல்லாப் பிளாஸ்டிக்கையும் ஊற்றுகிறார்கள். அதைக் கையால் தொட்டும், வெளிச்சத்தில் பிடித்தும்தான் கண்டுபிடிக்க முடியும். சேகரிப்பாளர்களுக்கு இந்த மேட்டு எழுத்து பொக்கிஷம். பழைய ராக்கில் சான் மரினோ, ஆன்டாரியோ, ராஞ்சோ குக்கமோங்கா என்று கலிபோர்னியா ஊர்ப் பெயர்களில் எது இருக்கிறது என்று பார்த்தே அது எந்தக் காலத்து வார்ப்பு என்று சொல்லிவிடுவார்கள்.

முத்திரைகளில் உங்களுக்கு உண்மையில் பயன்படுவது ஒன்றுதான்: எஃப்2, எக்ஸ்-அவுட், மிஸ்பிரிண்ட் போன்ற குறிகள். நிறம் கலங்கியது, முத்திரை கோணலானது, லேசான அழகுக் குறை உள்ளது என்று தொழிற்சாலை ஒதுக்கியவை. நன்றாகவே பறக்கும், விலை குறைவு. பிரீமியம் பிளாஸ்டிக்கை மலிவாக வாங்க நல்ல வழி. வீரர் பெயர் போட்ட டூர் சீரிஸ் டிஸ்க் வாங்கினால் விலையில் ஒரு பங்கு அந்த வீரருக்குப் போகும், அந்த ஆதரவுக்காக வாங்கலாம். ஃபர்ஸ்ட் ரன், அதாவது முதல் தொகுதி வார்ப்பு, என்ற முத்திரை சேகரிப்பாளர்களுக்கானது.

குளிரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மிச்சிகனில் இருப்பதால் சொல்கிறேன். நவம்பருக்குப் பிறகு சாம்பியன் வகை விறைத்து, ஈரக் கையில் வழுக்கிக்கொண்டு ஓடும். ஜீ-ஸ்டார், கே1 சாஃப்ட் போன்ற வளையும் கலவைகள் அப்போது கைகொடுக்கும். கோடையில் நேர்மாறு. வெயிலில் நிறுத்திய காருக்குள் டிஸ்க்கைச் சாய்த்து வைத்துவிட்டுப் போனால் வளைந்துவிடும், முதலில் வளைவது பேஸ் பிளாஸ்டிக். தட்டையாக அடுக்கி வையுங்கள், முடிந்தால் காரிலேயே விட்டுவிடாதீர்கள்.

கடையில் டிஸ்க்கை எடுத்ததும் மூன்று காரியம் செய்யுங்கள். எறியப் போகிற மாதிரியே விளிம்பைப் பிடித்துப் பாருங்கள், உள்ளங்கை பதிகிறதா, விரல் வழுக்குகிறதா என்று தெரியும். இரண்டு கட்டைவிரலாலும் மேல்பக்க நடுவை மெல்ல அழுத்துங்கள், குவிந்திருக்கிறதா தட்டையா, மிருதுவா விறைப்பா என்பது தெரியும். பிறகு கண் மட்டத்தில் விளிம்பை வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள், ஒரே மோல்டு, ஒரே பிளாஸ்டிக்கில் இரண்டை அருகருகே பிடித்தால் குவிவில் உள்ள வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். குவிந்தது மிதக்கும், தட்டையானது சீக்கிரம் இறங்கும் என்பது பொதுவான அனுபவம்.

இனி எதை வாங்குவது. பட்டரைக் கண்டிப்பாகப் பேஸ் பிளாஸ்டிக்கில் வாங்குங்கள். இன்னோவா ஏவியார் டி.எக்ஸில், அல்லது டைனமிக் டிஸ்க்ஸின் ஜட்ஜ் கிளாசிக் வகையில், எதுவானாலும் சரி. கூடை அருகே பிடிமானம்தான் எல்லாம், வழவழப்பான பிளாஸ்டிக் சங்கிலியில் பட்டு வெளியே வந்துவிடும் வாய்ப்பும் அதிகம். பெரிய போட்டிகளில் ஆடுகிறவர்களே பட்டிங்குக்கு மலிவான பிளாஸ்டிக்கைத்தான் எடுக்கிறார்கள், இதில் காசு மிச்சம் பிடிக்கிறோம் என்ற தயக்கம் வேண்டாம்.

காசைப் போட வேண்டிய இடம் மிட்ரேஞ்ச். டிஸ்கிராஃப்ட் பஸ், இசட் அல்லது இ.எஸ்.பி.யில், ஒன்று வாங்குங்கள். எறியக் கற்றுக்கொள்ளும் காலத்தில் நீங்கள் அதிகம் எறியப் போவது இதைத்தான். டிஸ்க் மாறிக்கொண்டே இருந்தால், வலப்பக்கம் போனதற்குக் காரணம் உங்கள் மணிக்கட்டா, தேய்ந்த விளிம்பா என்று தெரியாமல் போகும். டிஸ்க் மாறாமல் இருந்தால் தவறு எறிதலில்தான் என்று உறுதியாகச் சொல்லலாம், திருத்திக்கொள்ளலாம்.

லெபர்டை டி.எக்ஸிலேயே வாங்குங்கள், நீங்கள் பார்த்த அந்த 167 கிராம் டி.எக்ஸாக இருந்தால் அதையே. டிரைவர்தான் முதலில் தொலையும். ஹட்சன் மில்ஸ் மாதிரி ஆற்றங்கரை மைதானங்களில் ஆடினால் இன்னும் சீக்கிரம். தொலைந்தாலும் மனம் நோகாத விலை, புதியவர் வேகத்துக்கே நேராகப் பறக்கும், தேயத் தேய உங்களுக்கு இன்னும் எளிதாகும். கை வேகம் கூடி, டி.எக்ஸ். மிகவும் வலப்பக்கம் போகிறது என்று உங்களுக்கே தெரியும் நாளில் ஸ்டார் லெபர்ட் வாங்கிக்கொள்ளுங்கள். சாம்பியன் அதற்கும் பிறகு.

வாங்கியதும் அடிப்பக்கத்தில் அழியாத மார்க்கரால் உங்கள் பெயரையும் போன் நம்பரையும் எழுதிவிடுங்கள். போட்டியில் எறியும் ஒவ்வொரு டிஸ்க்கிலும் சொந்த அடையாளம் இருக்க வேண்டும் என்பது விதி. மைதானத்தில் யாருடைய டிஸ்க்காவது கிடைத்தால் அதில் இருக்கும் எண்ணுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள். இங்கே பெரும்பாலானவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள், என் டிஸ்க்குகள் எனக்குத் திரும்ப வந்ததும் அப்படித்தான். பழைய டிஸ்க் வாங்கும்போது முந்தையவர் எழுதியது தெரிந்தால் கவலை வேண்டாம், அதன் பக்கத்தில் உங்களுடையதை எழுதிக்கொள்ளலாம். பிரீமியம் பிளாஸ்டிக்கில் மேல் முத்திரையை அசிட்டோன் கொண்டு துடைத்து எடுப்பார்கள், பேஸ் பிளாஸ்டிக்கில் அதைச் செய்யாதீர்கள், பரப்பே பாழாகும்.

நிறத்தையும் யோசித்து எடுங்கள். ஒளி ஊடுருவும் சாம்பியன் புதரில் விழுந்தால் பின்னாலிருக்கும் இலையின் நிறத்தையே காட்டும், பக்கத்தில் நின்றாலும் கண்ணில் படாது. அக்டோபரில் இலை உதிரும்போது மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு மூன்றும் தரையோடு தரையாகிவிடும். பளிச்சென்ற பிங்க் எல்லாப் பருவத்திலும் தெரியும், நீலம் இலையுதிர் காலத்துக்கும் பனிக்கும் நல்லது. லெபர்ட் பிங்க்கில் இருந்தால் அதையே எடுங்கள்.